கரண்ட் லோடு மட்டும்

2009 ஜனவரி 15, வியாழன்.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டிய அறிவிப்பில் ‘வெள்ளி மாலை கூட்டம்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘வியாழன் மாலை’ என்று எழுதிவிட்டேன். ஒட்டுவதற்கு முன் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். இரண்டு தடவையும் எழுத்துப்பிழை இருக்கிறதா என்றுதான் பார்த்திருக்கிறேன். கிழமையைப் பார்க்கத் தோன்றவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இதை எழுதிவிட்டு சுபிஷா மறுபடி ஒரு தடவை படித்துப் பார்த்தாள். ‘சிறு தவறு’ என்று எழுதியது சரியா, அல்லது தன்னைத் தானே தப்பிக்க விடுகிறோமா என்று யோசித்தாள். பிறகு அப்படியே விட்டுவிட்டாள்.

மாலை வகுப்பில் சேர்ந்த பிறகு வந்த பழக்கம் இது. தினமும் ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதுங்கள் என்றுதான் அங்கே சொன்னார்கள். அவளும் ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தாள். ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போது நடந்ததை எழுதவில்லை, தனக்குத் தெரிந்த வார்த்தைகளுக்குள் அடங்குகிற மாதிரி ஏதாவது நடந்ததாக எழுதுகிறோம் என்பது சில நாட்களிலேயே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அதனால் வகுப்புக்கு ஒன்று, தனக்கு ஒன்று. தனக்கானது தமிழில்.

அஜ்மானில் மணலை நிரவிப் புதிதாக எழும்பிய பகுதியில் இருந்தது அவர்கள் கட்டிடம். லிஃப்ட் உண்டு, பளிங்குத் தரை உண்டு, கார் நிறுத்தக் கூரை உண்டு. அரசாங்கத்தின் மின்சார இணைப்பு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. குடிவந்த நாளிலிருந்து கட்டிடத்தின் பின்பக்கம் ஒரு ஜெனரேட்டர் இரவும் பகலும் உறுமிக்கொண்டிருந்தது. விருந்தாளி வந்தால் முதல் அரை மணி நேரம் சத்தத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். குடியிருப்பவர்களுக்கு அது நின்றால்தான் காது அடைக்கும்.

போன ஆகஸ்டில் அது அடிக்கடி நின்றது. எல்லா வீட்டிலும் ஏசி ஓடுகிற நேரம் பார்த்து மூச்சு வாங்கி நின்றுவிடும். அண்ணன் கிளிட்டஸின் குழந்தை ஜெனினுக்கு அப்போது ஒரு வயது கூட ஆகவில்லை. உடம்பெல்லாம் வேர்க்குரு வெடித்து, பால் குடிக்காமல் அழுது அழுது துவண்டுபோன பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மைனி ஷாஜினி ஊருக்கு விமானம் ஏறினாள். அக்டோபரில்தான் திரும்பி வந்தாள். கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் வெல்டராக இருந்த கிளிட்டஸ் அன்றைக்கே சொல்லிவிட்டான்: அடுத்த கோடையிலும் இதே கதை என்றால் வீட்டைக் காலி செய்துவிட்டுத் தான் கம்பெனி கேம்ப்புக்குப் போய்விடுவது, மனைவியும் பிள்ளையும் ஊரோடு இருந்துகொள்வது.

அவன் சொல்லாமல் விட்ட ஒன்றும் அதில் இருந்தது. அண்ணன் குடும்பம் இருப்பதால்தான் சுபிஷா இங்கே இருந்தாள். பகலில் ஒரு பல் கிளினிக்கில் கருவிகளைக் கழுவி அடுக்கும் வேலை. சனி, திங்கள், புதன் மாலைகளில் ஆங்கில வகுப்பு. ஜூனில் பரீட்சை. அதில் தேறினால் கிளினிக்கிலேயே வரவேற்பு மேசைக்கு மாற்றுவதாகச் சொல்லியிருந்தார்கள். வீடு கலைந்தால் எல்லாமே கலைந்துவிடும்.

இந்த நிலையில்தான் புத்தாண்டு பிறந்ததும் கட்டிட உரிமையாளர் ஒரு செய்தி அனுப்பினார். பழைய ஜெனரேட்டர்காரரின் ஒப்பந்தம் முடிகிறது. வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். இனிமேல் எந்தக் கம்பெனியிடம் மின்சாரம் வாங்குவது என்று குடியிருப்பவர்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

“கரண்டயும் கத்திரிக்கா மாதிரி நசுக்கிப் பாத்து வாங்கணுமாக்கும்” என்றாள் ஷாஜினி, அதைக் கேட்டதும்.

இரண்டு கம்பெனிகள் முன்வந்தன. பெயர்கள் நீளமாக இருந்ததால் யாரும் அவற்றைச் சொல்லவில்லை. ஒருவருடைய ஜெனரேட்டர் மஞ்சள் பெட்டி, இன்னொருவருடையது பச்சைப் பெட்டி. கட்டிடத்தில் மஞ்சள், பச்சை என்றே பேச்சு நடந்தது. இரண்டு பேரும் ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பியிருந்தார்கள். குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், அதிலும் பாதிப்பேர் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர்கள். ஆங்கிலத்தை யாராவது சுருக்கித் தமிழில் எழுதிக் கொடுத்தால் தேவலை என்று எல்லோருக்கும் தோன்றியது.

இயல்பாக அந்த வேலை ரகுநாதனுக்குத்தான் போயிருக்க வேண்டும். சென்னைக்காரர், சிமெண்ட் கம்பெனியில் கணக்கு அதிகாரி. கட்டிடத்தில் தினமும் டை கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர் அவர் ஒருவர்தான். ஆனால் ஜனவரி மாதம் அவருக்கு ஆண்டுக் கணக்கு முடிக்கிற நேரம்.

“நீதான் இங்கிலீஷ் கிளாஸ் போறியேம்மா, நீ எழுதிடு. நான் ஒரு பார்வை பாத்துடறேன்” என்றார்.

சுபிஷா இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள். ஒரு தாளை நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் மஞ்சள், வலப்பக்கம் பச்சை. தெரியாத சொல்லுக்கெல்லாம் அகராதியைப் பார்த்தாள். தெரிந்த சொல்லுக்கு யார்தான் அகராதியைப் பார்ப்பார்கள்?

பச்சைக்காரர்களின் தாளில் ‘கோடைச் சுமையும் சேர்த்து’ என்று ஒரு வரி இருந்தது. அதை அப்படியே எழுதினாள். மஞ்சளில் அந்த இடத்தில் ‘கரண்ட் லோட் ஒன்லி’ என்று இருந்தது. ‘கரண்ட் லோடு மட்டும்’ என்று எழுதினாள். எழுதியபின், வெறுமனே அப்படி விட்டால் படிக்கிறவர்களுக்கு விளங்காதே என்று அடைப்புக்குறிக்குள் தன் விளக்கம் ஒன்றையும் சேர்த்தாள்: ‘தண்ணீர், கேஸ் இவற்றுக்கு அவர்கள் பொறுப்பல்ல.’

வெள்ளிக்கிழமை மாலை இரண்டு கம்பெனிகளின் ஆட்களும் நேரில் வந்து விளக்குவதாக ஏற்பாடு. அறிவிப்பில் அவள் கிழமையை மாற்றி எழுதியதால் வியாழக்கிழமை மாலையே சனம் கூடிவிட்டது. கீழ்த்தளத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த கௌஸ் முகைதீன் நாற்காலிகளைக் கடைக்கு வெளியே எடுத்துப் போட்டார். காலிப் பால் கிரேட்டுகளைக் கவிழ்த்து அதிலும் சிலர் உட்கார்ந்தார்கள். ரகுநாதன் வீட்டிலிருந்து தூக்குவாளியில் பொங்கல் வந்தது.

சுபிஷா முகம் சிவந்து போய் நின்றாள். “எல்லாரும் மன்னிச்சுக்கிடுங்க. கூட்டம் நாளைக்குத்தான். நான் மாத்தி எழுதிட்டேன்.”

“நாளைக்கு வெள்ளிதானே தங்கச்சி? இல்ல, அதையும் மாத்திட்டியளா?” என்றார் கௌஸ் முகைதீன். “ஜும்மாவுக்குப் போணும், அதாம் கேக்கேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். கிளிட்டஸும் சிரித்தான். ஆனால் வந்தவர்கள் யாரும் எழுந்து போகவில்லை. நாளைக்கு லீவு, ஆளுக்கொரு வேலை இருந்தது. ஒருவர் ஷார்ஜாவுக்கு மீன் வாங்கப் போக வேண்டும், இன்னொருவர் தம்பியை ஏர்போர்ட்டில் விட வேண்டும். வந்தது வந்தாயிற்று, தாள்தான் கையில் இருக்கிறதே, இப்போதே பேசி முடிப்போம் என்றார்கள். கம்பெனி ஆட்களுக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார் ரகுநாதன்.

தாள் கைமாறிக் கைமாறிப் போனது. மஞ்சளின் விலை நன்றாகவே குறைவாக இருந்தது. அதைப் பார்த்தபின் மற்ற வரிகளை யாரும் அவ்வளவு ஊன்றிப் படித்ததாகத் தெரியவில்லை. மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் மட்டும் கேட்டார்:

“பச்சையில கோடைக்கும் சேத்துன்னு போட்டிருக்கு. மஞ்சள்ல அது இல்லியே?”

“கரண்ட் லோடுன்னு போட்டிருக்கே சார்” என்றார் ரகுநாதன். “கோடையில வர்றது மட்டும் என்ன, வேற எதாவதா? எல்லாம் கரண்ட்தானே. பச்சைக்காரன் அதையே ரெண்டு தடவ எழுதி ரெண்டு மடங்கு கேக்கறான்.”

“தண்ணி மோட்டாரு?” என்றான் கிளிட்டஸ், தாளைத் தூக்கிப் பிடித்து. “பிள்ள எழுதியிருக்கால்லா, தண்ணிக்குப் பொறுப்பு இல்லன்னு.”

“தண்ணி ஓனர் பாடு” என்றார் ரகுநாதன்.

“அப்ப கலாஸ், முடிஞ்சுது” என்றார் கௌஸ் முகைதீன். “மஞ்சள்.”

ஞாயிற்றுக்கிழமை காலை மஞ்சள் கம்பெனி ஆள் வருவது, எல்லோர் சார்பிலும் ரகுநாதன் கையெழுத்துப் போடுவது என்று முடிவானது. கூட்டம் கலையும்போது ஒருவர், “தப்பா எழுதினதும் நல்லதாப் போச்சு, ஒரு நாள் மிச்சம்” என்று சுபிஷாவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை மாதா கோயிலில் பூசை முடிந்து வரும்போது ஷாஜினியின் நடையிலேயே ஒரு துள்ளல் இருந்தது. வழியில் ஒரு கடையில் குழந்தைக்குப் பிளாஸ்டிக் நீச்சல் தொட்டி ஒன்று தொங்கியது. வாத்துப் படம் போட்டது. அதை நின்று பார்த்தாள்.

“ஜூன் மாசம் பால்கனியில வெச்சிக் குடுத்தா போதும், இவன் அதுக்க உள்ளயே கெடப்பான்” என்றாள்.

“ஜூனுக்கு இன்னும் எவ்வளவோ நாளிருக்கே மைனி.”

“இருக்கட்டும். போன மாசம் வரைக்கும் ஜூன நெனைக்கவே புடிக்காது எனக்கு. இப்ப நெனச்சிப் பாக்க முடியுது, அதுக்குத்தான் சொல்லுதேன்.” தொட்டியை வாங்கவில்லை. ஆனால் கடைக்காரரிடம், இது கோடையிலும் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. வகுப்பில் ஜூன் பரீட்சைக்கான விண்ணப்பத் தாளைக் கொடுத்தார்கள். சுபிஷாவுக்குத் தாள் நிரப்புவது பிடிக்கும். முதலில் பென்சிலால் எழுதி, சரிபார்த்து, அதன்மேல் பேனா ஓட்டுவாள். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண். அடுத்து கரண்ட் அட்ரஸ். கட்டிடத்தின் பெயரையும் பிளாட் எண்ணையும் எழுதினாள். அதற்குக் கீழே பெர்மனன்ட் அட்ரஸ். அங்கே ஊர் விலாசத்தை எழுத ஆரம்பித்தாள். தெருப் பெயரோடு பென்சில் நின்றது.

கரண்ட் அட்ரஸ். வந்ததிலிருந்து எத்தனையோ தாளில் இதை நிரப்பியிருக்கிறாள். ஒரு தடவை கூட அது மின்சாரத்தின் விலாசம் என்று அவளுக்குத் தோன்றியதில்லை. இப்போது இருக்கிற விலாசம். அவ்வளவுதான். இது தெரியாத சொல்லே அல்ல.

அப்படியென்றால் கரண்ட் லோடு?

ஒருவேளை இங்கே மட்டும் மின்சாரம் என்றே இருக்கலாம். மின்சாரக் கம்பெனிதானே எழுதியிருக்கிறது. பையிலிருந்து அகராதியை எடுத்தாள். ‘தற்போதைய’ என்றும் இருந்தது, ‘மின்னோட்டம்’ என்றும் இருந்தது. அகராதி தீர்ப்புச் சொல்லவில்லை. பிறகு வேறு விதமாக யோசித்துப் பார்த்தாள். கரண்ட் விற்கிறவன் எதற்காக ‘கரண்ட் மட்டும்’ என்று எழுத வேண்டும்? மீன்காரன் தன் கடைப் பலகையில் ‘மீன் மட்டும், தண்ணீரும் கேஸும் இல்லை’ என்று எழுதிவைப்பானா? அந்த ‘மட்டும்’ என்ற சொல் அவளை முதல் நாளே இடித்தது. அந்த உறுத்தலை மறைக்கத்தான் அடைப்புக்குறிக்குள் அந்த விளக்கத்தைப் போட்டாள். அதை நினைத்தபோதுதான் அழுகை வந்தது.

தமிழன் வாயில் கரண்ட் என்றால் ஒன்றே ஒன்றுதான். கரண்ட் போச்சு, கரண்ட் வந்துட்டு, கரண்ட் பில், கரண்ட் கம்பி. பிறந்ததிலிருந்து அது தமிழ்ச்சொல்லாகவே பழகிவிட்டது. ஆங்கிலத் தாளில் அதைப் பார்த்ததும், தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி, ஊர் பேர் கேட்காமல் உள்ளே விட்டுவிட்டாள்.

இப்போதைய சுமை மட்டும். இப்போது ஜனவரி. எந்த வீட்டிலும் ஏசி ஓடவில்லை.

வகுப்பு முடிந்து ஷேர் டாக்ஸியில் வரும் வழியெல்லாம் சொல்வதா வேண்டாமா என்று தனக்குள் வாதாடிக்கொண்டே வந்தாள். வியாழக்கிழமைதான் ஒரு தப்புக்குச் சிரித்து மன்னித்தார்கள். இரண்டு நாளைக்குள் இன்னொன்று. அதுவும் தான் இப்போது நினைப்பது தப்பாக இருந்தால், எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒன்றைக் கலைத்த பாவமும் சேரும். கிழமையே ஒழுங்காக எழுதத் தெரியாதவள் சொல்வதை யார் நம்புவார்கள்? அவளே நம்பவில்லையே.

வீட்டில் கிளிட்டஸ் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தான். செருப்பைக் கூடக் கழற்றாமல் அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

“ஏளா, நீ சும்ம கெட” என்றான் அவன். “ரகுநாதன் சார் பாத்தாருல்லா. அவரு படிக்காததையா நீ படிச்சிட்ட?”

“அவரு நான் எழுதினதத்தான் படிச்சாரு அண்ணே. இங்கிலீஷ் தாளப் படிக்கல.”

“இப்பப் போயி தப்பா எழுதிட்டேன்னு சொன்னா நாணக்கேடு. நாளைக்கு நான் அந்தாளுக்க மொகத்துல எப்படி முழிப்பேன்? தங்கச்சிய இங்கிலீஷ் படிக்க விட்டிருக்கேன்னு யார்டு முழுக்க சொல்லிட்டுத் திரியேன்.”

அண்ணன் சொல்வதும் சுபிஷாவுக்குச் சரியாகவே பட்டது. அவளுக்கு யார் சொன்னாலும் சரியாகத்தான் படும். ஷாஜினி சமையலறை வாசலில் கரண்டியோடு வந்து நின்றாள்.

“கோடையில கரண்டு நின்னா எங்கள ஊருக்கு அனுப்பப்போறது யாரு? ரகுநாதன் சாரா?”

கிளிட்டஸ் டிவியின் சத்தத்தைக் குறைத்தான்.

“நாணக்கேடு உங்களுக்கு ஒரு வாரம் இருக்கும். பொறவு எல்லாவனும் மறந்திருவான். நான் அங்க போயிக் கெடந்தா இவன் உங்கள அப்பான்னு கூப்பிடுததுக்கே போன்லதான் படிப்பான்.” கரண்டியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, கை துடைத்துக்கொண்டு வந்து குழந்தையை வாங்கினாள். “வா பிள்ளே. நானும் வாறேன்.”

கடைசியில் கிளிட்டஸும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். நான்கு பேராக ரகுநாதன் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவருடைய மனைவி பிரபாவதி திறந்தாள். குடும்பமே திரண்டு வந்திருப்பதைப் பார்த்து, குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போனாள்.

“ஒண்ணும் இல்லக்கா, கரண்டு விசயம்” என்றாள் ஷாஜினி.

ரகுநாதன் பனியனோடு வந்து உட்கார்ந்தார். சுபிஷா மஞ்சள் கம்பெனியின் ஆங்கிலத் தாளை அவர் முன்னால் விரித்து, அந்த வரியின் மேல் விரலை வைத்தாள். “சார், நான் இத தப்பா எழுதிட்டேன்னு நெனைக்கேன். தப்பா எழுதலன்னாலும் இருக்கலாம். நீங்க ஒருக்கா இங்கிலீஷ்லயே படிச்சிப் பாருங்க.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“நான் காலையிலேர்ந்து கரண்ட் அசெட், கரண்ட் அக்கவுண்ட்னுதாம்மா குப்பை கொட்டறேன். அங்கெல்லாம் கரண்ட்னா நடப்புன்னுதான் அர்த்தம். ஆபீஸ்ல ஒருத்தன் கரண்ட் அசெட்ல ஜெனரேட்டர சேத்திருந்தா கூட கண்டுபிடிச்சிருப்பேன். வீட்டு வாசப்படி தாண்டினா கரண்ட்னா கரண்ட்தான், என்ன பண்றது!”

“அதான் பவர் கட் ஆனா ‘கரண்ட் அசெட் போச்சு’ன்னு கத்தறதில்ல நீங்க” என்றாள் பிரபாவதி.

யாருக்கும் உடனே சிரிக்க வரவில்லை. அவரே முதலில் சிரித்தார். அதன்பின் மஞ்சள் கம்பெனி ஆளுக்குப் போன் போட்டார். பேச்சு இந்தியில் நடந்தது. எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

ஆமாம் பாய், இப்போது ஓடுகிற லோடுக்குத்தான் அந்த விலை, என்றது மறுமுனைக் குரல், மிகவும் சாதாரணமாக. அதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை, எழுதித்தானே கொடுத்திருக்கிறோம். நாளைக் காலையில் வந்து மீட்டர் வைத்து அளந்து, என்ன ஓடுகிறதோ அதை ஒப்பந்தத்தில் எழுதுவோம். அதற்கேற்ற ஜெனரேட்டர் வரும். கோடையில் கூடுதலாகத் தேவைப்பட்டால் இன்னொரு பெட்டி தரலாம், அப்போது கைவசம் இருந்தால். அதற்குத் தனி விலை.

“அச்சா” என்றார் ரகுநாதன். “கொஞ்சம் இருங்க, திரும்பக் கூப்பிடறேன்.”

‘கைவசம் இருந்தால்’ என்ற சொல் கிளிட்டஸின் காதில் விழுந்த விதம் அவன் முகத்தில் தெரிந்தது. போன ஆகஸ்டில் ஊரெல்லாம் ஜெனரேட்டருக்கு அலைந்த கதை அவனுக்குத் தெரியும்.

“பேசாம பச்சைக்கே போயிடலாமா?” என்றார் ரகுநாதன். “ஆனா எல்லாரும் மஞ்சள்னு ஒத்துக்கிட்டாங்க. இப்ப போயி விலை ஜாஸ்தியான ஒண்ணச் சொன்னா, நானும் பச்சைக்காரனும் கூட்டுன்னுவாங்க.”

ஷாஜினி அதுவரை குழந்தையின் கையிலிருந்து தாளைக் காப்பாற்றுவதில்தான் கவனமாக இருந்தாள். தலையைத் தூக்கிக் கேட்டாள்:

“அவன் நாளைக்கு வந்து என்னத்த அளப்பான்?”

“இப்ப ஓடுற லோட.”

“இப்ப ஏசி ஓடினா?”

“ஜனவரியில யாரு ஏசி போடுவா?” என்றான் கிளிட்டஸ்.

“போட்டா யாரும் புடிச்சிட்டா போவான்? அவனுக்கு இப்பத்த லோடுதானே வேணும்? எல்லா வீட்டுலயும் இப்பவே ஏசியப் போட்டா, அதுதானே இப்பத்த லோடு!”

கிளிட்டஸ் மனைவியை ஏதோ புதிதாக வந்த ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தான். ரகுநாதன் தாளை மறுபடி கையில் எடுத்தார். “லீகலா இதுல ஒரு தப்பும் இல்லையே...” என்று இழுத்தார்.

“ஆனா சொல்லாமச் செஞ்சா ஏமாத்துத மாதிரி இருக்காதா?” என்றாள் சுபிஷா. சொன்ன பிறகுதான் தன் வாய் இதைச் சொன்னதை உணர்ந்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்ததும், “இல்ல, எனக்குச் சரியாத் தெரியல” என்று பின்வாங்கினாள்.

“இல்லம்மா, நீ சொல்றதுதான் சரி. சொல்லிட்டே செய்வோம்.” ரகுநாதன் மறுபடி எண்ணை அழுத்தினார். பாய், நாளைக்கு நீங்கள் வரும்போது எல்லா வீட்டிலும் எல்லா ஏசியும் ஓடிக்கொண்டிருக்கும், அதை அளந்து எழுதுங்கள் என்று சொன்னார். மறுமுனையில் ஒரு சிரிப்பு கேட்டது. அப்படியானால் விலை மாறும் பாய்.

“மாறட்டும். மாறின விலைய எழுதிக் குடுங்க. பச்சைக்காரங்க விலையோட பக்கத்துல வெச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடறோம். அதுவரைக்கும் கையெழுத்து மாஃபி, கிடையாது.”

படியிறங்கும்போது கௌஸ் முகைதீனின் கடை இன்னும் திறந்திருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவர் கல்லாவிலிருந்து எழுந்தே வந்துவிட்டார்.

“ஏன் தங்கச்சி, வெள்ளிக்கெழம வியாழக்கெழம ஆச்சு. இப்ப ஜனவரிய ஜூலை ஆக்கிட்டியளா?”

இந்தத் தடவை சுபிஷாவுக்கும் சிரிப்பு வந்தது. “என் தப்புதான் அண்ணே. நானே எல்லார் வீட்டுலயும் போயிச் சொல்லிருதேன்.”

“என்னன்னு சொல்லுவிய? குளுருல ஏசியப் போடுங்கன்னா, இந்தப் புள்ளைக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு நெனைப்பாவ.”

“நான் தப்பா எழுதினத மொதல்ல சொல்லுவேன். பொறவு ஏசிய.”

“அப்ப ஒங்கூட நானும் வாறேன்” என்றான் கிளிட்டஸ், தரையைப் பார்த்துக்கொண்டு. “தனியா நின்னு யார்கிட்டயும் பேச்சு வாங்காண்டாம்.”

“மூணாம் மாடிக்காரருகிட்ட மொதல்ல போங்க” என்றாள் ஷாஜினி. “பாவம், அன்னைக்கு அந்தாளு ஒருத்தருதான் சரியாக் கேட்டாரு.” அவள் குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். “இவனுக்க சுவெட்டர எடுத்து வைக்கணும். நம்ம வீட்டுலயும் ரெண்டு ஏசி ஓடுமே.”

வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்ததும் சுபிஷா பேனாவை எடுத்தாள். நடந்ததையெல்லாம் எழுத நினைத்தால் நீண்டுகொண்டே போகும் என்று தோன்றியது. மஞ்சளா பச்சையா என்று இன்னும் முடிவாகவில்லை. மாறிய விலையைப் பார்த்துச் சிலர் கோபப்படக்கூடும், அந்தக் கோபம் தன் பக்கம் திரும்பவும் கூடும். அதையெல்லாம் முன்கூட்டியே எழுதி என்ன ஆகப்போகிறது? தேதியைப் போட்டு, கிழமையை ஒரு தடவை காலண்டரில் பார்த்துக்கொண்டு, ஒரு பத்தி மட்டும் எழுதினாள்.

2009 ஜனவரி 17, சனி.

நாளைக் காலை, மஞ்சள் கம்பெனி ஆள் வருவதற்கு முன், அண்ணனோடு எல்லா வீட்டுக் கதவையும் தட்ட வேண்டும். மூன்றாம் மாடியில் ஆரம்பிக்க வேண்டும். ‘கரண்ட் லோடு’ என்பதை நான் தப்பாக எழுதியதைச் சொல்லிவிட்டு, கம்பெனி ஆள் அளந்து முடிக்கும் வரை எல்லா ஏசியையும் ஆகக் கூடுதல் குளிரில் வைத்து ஓட விடச் சொல்ல வேண்டும்.